சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவில்

விழுந்துவிட்டது. சொட்டு விழும்போது உடம்பு ஒரு தரம் தூக்கிப்போடும், இன்றைக்கும் போட்டது. எத்தனையோ வருஷம் லாரி ஓட்டியவன் நான், எதிரே வருகிறவன் முகவிளக்கை முழுசாக அடித்தாலும் இமைக்காமல் வண்டியை ஓரம் கட்டியவன், ஒரு சொட்டு மருந்துக்கு இப்படித் துள்ளுகிறேன் என்று வெளியே சொன்னால் சங்ககிரியில் ஒருவனும் நம்ப மாட்டான். "மூடிக்கோங்க. இறுக்கி மூடாதீங்க, தூக்கம் வந்தாப்பல மூடுங்க" என்கிறாள் சிந்தாமணி. மூடிவிட்டேன், ரெண்டு கண்ணையும்தான். மருந்து விட்டதை மட்டும் மூடினால் மற்றது சும்மா இருக்காது, பக்கத்து வீட்டுச் சண்டையைப் பார்க்கிற மாதிரி எட்டி எட்டிப் பார்க்கும், அது அசைந்தால் இதுவும் கூடவே அசையும். "மூக்கோரம் விரல் வெச்சீங்களா?" வைத்திருக்கிறேன். மூக்குத்தண்டும் கண்ணும் சேருகிற இடத்தில் விரலால் மெதுவாக அழுத்திக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து கண்ணில் நிற்காமல் மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்கிவிடும். கண்ணுக்கும் தொண்டைக்கும் வழி இருக்கிறது என்பதே எனக்கு இந்த வயசில்தான் தெரியும். ஆரம்பத்தில் விரல் வைக்காமல் விட்டபோது நாக்கில் கசந்தது, கண்ணில் விட்டது நாக்கில் கசக்கிறதே என்று வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுதால் மூக்கு ஒழுகுகிறதே, அது ஏன் என்று ஒரு நாளாவது யோசித்திருக்கிறேனா? அப்பன் செத்த அன்றைக்கு எல்லோர் முன்னாலும் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை, ஆனால் மூக்கைத் துடைத்துத் துடைத்துத் துண்டு நனைந்தது. சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். கண்ணீர்தான் அந்தப் பக்கமாக இறங்கிப் போயிருக்கிறது. ஒரு மனுஷன் தன் முகத்தை இத்தனை வருஷம் சுமந்துகொண்டு திரிகிறான், அதற்குள் எந்தத் தெரு எங்கே போகிறது என்று அவனுக்குத் தெரிவதில்லை.

இனி ஐந்து நிமிஷம். மருந்து மொத்தம் மூன்று. இப்போது விட்டது தண்ணீர் மாதிரி தெளிந்தது, சீழ் பிடிக்காமல் காப்பது. அடுத்தது பால் மாதிரி வெள்ளை, அதுதான் இந்தக் கண்ணுக்கு உயிர். கடைசியில் களிம்பு. தெளிந்தது முன்னே, வெள்ளை அடுத்து, களிம்பு எல்லாவற்றுக்கும் பின்னே. களிம்பை முன்னால் போட்டால் அது மேலே மெழுகிவிடும், பிறகு எதுவும் உள்ளே போகாது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஐந்து நிமிஷமாவது விட வேண்டும். ஏனென்றால் கண் ஒரு சொட்டைக்கூட முழுசாகப் பிடித்துக்கொள்வதில்லையாம். டாக்டரம்மா சொன்னபோது நான் நம்பவில்லை. மலையையும் மேட்டையும் ஆகாசத்தையும் மொத்தமாக உள்ளே வாங்கிக்கொள்கிற கண், ஒரு சொட்டுத் தண்ணீருக்கு இடமில்லை என்கிறது. முன் சொட்டு உள்ளே இறங்குவதற்குள் பின் சொட்டை விட்டால் இது அதை அடித்துக்கொண்டு கன்னத்தில் இறங்கிவிடும். குடோன் வாசலில் முன்வண்டி சரக்கு இறக்கி முடிப்பதற்குள் பின்வண்டிக்காரன் கொண்டுவந்து முட்டினால் ரெண்டு வண்டி சரக்கும் தெருவில்தான் கிடக்கும், அது எனக்குப் புரிகிற கணக்கு. ஐந்து நிமிஷம் ஆனதும் சிந்தாமணியின் போனில் சேவல் கூவும். மருமகன் வைத்துக் கொடுத்தது. வெயில் ஏறிய பிறகும், சோறு உண்கிற நேரத்திலும், எங்கள் வீட்டில் மணிக்கொரு தரம் சேவல் கூவுகிறது. "உங்க சேவலுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சாக்கா?" என்று எதிர்வீட்டு ராசாத்தி கேட்டாளாம். மணிக்கொரு தரம் என்பது போன வாரத்திலிருந்துதான். அதற்கு முன்னால் நாளைக்கு நாலு தரம் விட்டால் போதும் என்றிருந்தது. போன வாரம் கண் சிவந்தது, வெளிச்சம் பட்டால் கூசியது, தெளிவாக இருந்ததெல்லாம் பனி மூடிய மாதிரி ஆகிவிட்டது. "ஒட்டு வெச்ச கருவிழிய உங்க உடம்பு வேண்டாங்குது" என்றார் டாக்டரம்மா. "சீக்கிரம் வந்துட்டீங்க, மருந்தாலயே அடக்கிப் பார்க்கலாம். அடங்கலைன்னா இது போயிரும். திரும்ப வெச்சாலும் ஒட்டறது கஷ்டம்." செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். செவ்வாய்க்கிழமையை நினைக்கக்கூடாது, வேறு எதையாவது நினைக்க வேண்டும்.

கண்ணை மூடி உட்காருவது எனக்கு வராத வேலை. கண்ணை மூடினால் போச்சு என்பதுதான் நான் கற்றுக்கொண்ட ஒரே பாடம். எல்லோரும் ராத்திரியைச் சொல்வார்கள், எனக்குப் பயமெல்லாம் மத்தியானத்தில்தான். ஒரு தரம் நெல்லூர் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன், பருத்தி லோடு, வயிறு நிறைய ஓட்டல் சோறு, ரோட்டில் வெயில் நெளிகிறது, க்ளீனர் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். நான் தூங்கவில்லை. தூங்கவில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்லுவேன். கண் திறந்திருந்தது, ரோடு தெரிந்தது, பிறகு ரோடு தெரிந்தது, நடுவில் ஏதோ கொஞ்சம் இல்லை. அவ்வளவுதான். வண்டி தார் ரோட்டைவிட்டு மண்ணில் இறங்கியிருந்தது, முன்னால் ஒரு ஆட்டுக் கூட்டம், அதன் நடுவே குடையோடு ஒரு ஆள் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். எப்படித் திருப்பினேன் என்று தெரியாது. நின்று இறங்கிப் பார்த்தபோது அந்த ஆள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அந்த இல்லாமல் போன கொஞ்ச நேரம் எங்கே போனது? அந்த நேரத்துக்கு நான் எங்கே இருந்தேன்? அதற்குப் பிறகு மத்தியானச் சோற்றையே விட்டுவிட்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஓட்டினேன் என்பார்களே, அப்படி. இப்போது கண்ணை மூடினால்தான் கண் பிழைக்கும் என்கிறார்கள். ஒவ்வொரு தரம் மூடும்போதும் அந்த மண்ரோட்டுச் சத்தம் டயருக்கடியில் கேட்கிறது. சிந்தாமணி எதிரே ஸ்டூலில்தான் இருக்கிறாள், ஆனால் வளையல் சத்தம்கூட இல்லை, மூச்சுத்தான் கேட்கிறது. "இருக்கறயா?" என்று கேட்டேன். "எங்க போறேன். பேசாதீங்க, மூஞ்சி அசையுது." சரி, அசையவில்லை.

மூடிய இமைக்குள் இருட்டு இல்லை. ஜன்னல் பக்கமாகச் சிவப்பு, நடுவில் மஞ்சள், புள்ளி புள்ளியாக என்னவோ மேலேயிருந்து கீழே மிதந்து இறங்குகிறது, பார்க்கப்போனால் ஓடிப்போகிறது. இமைக்குப் பின்னால் இருக்கிறதே அந்தக் கண்ணாடி, அது என்னுடையது இல்லை. இதை நினைக்கிறபோதெல்லாம் கை ரெண்டும் தானாகக் கூப்பப் பார்க்கிறது. தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து வந்து கண்ணில் அடித்தது, அது என் கண். நந்தியாவட்டைப் பூவை வைத்துக் கட்டு, சரியாகிவிடும் என்று கூட இருந்தவர்கள் சொல்ல, நானும் கட்டிக்கொண்டு லோடை இறக்கிவிட்டு வந்தேன், அதுவும் என் கண்தான். புண் ஆறியது, ஆனால் கருவிழியில் பூ விழுந்துவிட்டது, வெள்ளையாக, எதிரே நிற்கிறவன் அரிசி மணி என்று நினைத்துத் தட்டிவிட வருவான். பிறகு ஒரு நாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, கண் வந்திருக்கிறது, உடனே வாருங்கள் என்று. கண் வந்திருக்கிறது. ஏதோ பார்சல் வந்திருக்கிறது என்கிற மாதிரி. எங்கிருந்து வந்தது, யாருடையது, ஆணா பெண்ணா, சொல்ல மாட்டார்களாம். எனக்குக் கண் வந்த காலையில் ஒரு வீட்டில் சங்கு ஊதியிருக்கும், தலைமாட்டில் விளக்கு எரிந்திருக்கும், அந்த அழுகைக்கு நடுவே ஒருத்தர், ஒரே ஒருத்தர், மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குச் சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில் அது எப்படி ஞாபகம் வந்தது? என் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் எனக்கு ஞாபகம் வந்திருக்குமா? வந்திருக்காது, பந்தல்காரனுக்கும் மேளத்துக்கும் சொல்லத்தான் ஓடியிருப்பேன். "அவங்க பாத்ததெல்லாம் இந்தக் கண்ணுல இருக்குமுங்களா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். சிரிக்கவில்லை. "இது கண்ணு இல்லீங்க, கண்ணுக்கு முன்னால இருக்கிற கண்ணாடி. உங்க வண்டிக்கு இருக்குதுல்ல, அந்த மாதிரி. கண்ணாடி எதையும் வெச்சுக்காது" என்றார். சரிதான், வண்டிக் கண்ணாடி எத்தனை ஊரைப் பார்த்தது, எதை வைத்துக்கொண்டது. ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார், அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். கருவிழிக்கு ரத்தக் குழாய் கிடையாதாம். உடம்பில் மயிர்க்காலுக்குக்கூட ரத்தம் போகிறது, இதற்குப் போவதில்லை. ரத்தம் ஓடினால் சிவந்து மறைத்துவிடும், அப்புறம் எப்படிப் பார்ப்பது? அதனால் அது ரத்தத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வெளிக்காற்றையே கண்ணீரில் கரைத்துக் குடித்து உயிர் வாழ்கிறது. என் உடம்பில் ஒரு இடம் நேராகக் காற்றைக் குடித்துக்கொண்டிருக்கிறது. நான் லாரி ஓட்டினேன், சீட்டாடினேன், சண்டை போட்டேன், அது பாட்டுக்குக் குடித்துக்கொண்டே இருந்தது. யாரோ செத்த பிறகும் கொஞ்ச நேரம் குடித்துக்கொண்டு காத்திருந்தது, இப்போது என் முகத்தில் இருந்துகொண்டு சங்ககிரிக் காற்றைக் குடிக்கிறது. தலைமுடியைவிட மெல்லிய நூலால் சுற்றிலும் தைத்திருக்கிறார்கள். தார்ப்பாய் தைக்கிற ஊசியைப் பார்த்தவன் நான், அந்தத் தையலைப் போட்ட கையை ஒரு தரம் பார்க்க வேண்டும்.

சேவல் கூவியது. வளையல் சத்தம், குழாயில் தண்ணீர்ச் சத்தம், கையை மறுபடியும் சோப்புப் போட்டுக் கழுவுகிறாள், ஒவ்வொரு சொட்டுக்கும் கழுவிக் கழுவி விரல் நுனியெல்லாம் சுருங்கிக் கிடக்கிறது. பிறகு பாட்டிலைக் குலுக்குகிற சத்தம். சடசடவென்று இல்லை, ஆனால் விடாமல், அடியில் எதுவும் மிச்சம் இருக்கக்கூடாது என்கிற மாதிரி குலுக்குகிறாள். இந்தச் சத்தம்தான் ஆறு மாசமாக இந்த வீட்டில் கேட்காத சத்தம். பால் மருந்தில் மருந்து கரைந்து இருக்காது, தூளாக மிதக்கும், வைத்த இடத்தில் வைத்தால் அடியில் போய்த் தங்கிவிடும், ஒவ்வொரு தரமும் குலுக்கித்தான் விட வேண்டும். அது சீட்டிலும் எழுதியிருக்கிறது, ஆபரேஷன் ஆன அன்றைக்கே நர்சும் சொல்லியிருப்பார், அந்தக் கூட்டத்தில் எங்கள் காதில் விழவில்லை. வீட்டுக்கு வந்ததும் சிந்தாமணி அந்தப் பாட்டிலை எங்கே வைத்தாள் தெரியுமா, சாமி அலமாரியில். அங்காளம்மன் படத்துக்கு முன்னால், திருநீற்று மரக்கிண்ணத்துக்குப் பக்கத்தில். அடுத்தவர் உசுர் கண்ணில் இருக்கிறது, அதைக் காப்பாற்றுகிற மருந்தை அடுப்பங்கரையிலா வைப்பது என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தினமும் குளித்துவிட்டு வந்து, பாட்டிலை ரெண்டு கையாலும் அலுங்காமல் எடுப்பாள், மூடியோடு தன் கண்ணில் ஒற்றிக்கொள்வாள், பிறகு தீர்த்தம் விடுகிற மாதிரி மெதுவாகச் சாய்த்து ஒரு சொட்டு. அடியில் தங்கிய மருந்து அடியிலேயே கிடந்தது, மேலே நின்ற தெளிந்த தண்ணீர் என் கண்ணுக்கு வந்தது. அதோடு விட்டாளா, தெளிந்த மருந்தையும் அதையும் அடுத்தடுத்து விட்டாள், கோயிலில் தீர்த்தம் கொடுத்த கையோடு குங்குமம் கொடுக்கிறார்களே, அப்படி. வந்த கொஞ்ச மருந்தும் கன்னத்தில் இறங்கி மூக்கோரம் போய்விட்டது. பாதி மருந்தும் இல்லாமல் அந்தக் கருவிழி ஆறு மாசம் எப்படித் தாக்குப் பிடித்தது என்று டாக்டரம்மாவே யோசித்தார்.

"அசையாதீங்க. மேல பாருங்க." கீழ் இமையை இழுக்கிறாள். பாட்டிலின் மூக்கு எதிலும் படக்கூடாது, இமையில் படக்கூடாது, முடியில் படக்கூடாது. வெள்ளையாக ஒன்று மேலே தொங்குகிறது, தொங்குகிறது, விழுந்தது. ஒரே சொட்டு. "மூடிக்கோங்க." மூடினேன், விரல் வைத்தேன், ஸ்டூல் கிறீச்சிட்டது, மறுபடியும் சத்தமில்லை. போன வாரம் கண்ணைக் காட்டப் போன அன்றைக்கு டாக்டரம்மா பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அடியில் சுண்ணாம்பு மாதிரி படிந்திருந்தது. "குலுக்கி விட்டீங்களாம்மா?" என்றார். சிந்தாமணி என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன். "சாமி முன்னால வெச்சதுங்க. அதப் போயி எப்படிக் குலுக்கறது" என்றாள். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். டாக்டரம்மா பாட்டிலை மூடி, தானே குலுக்கி, அவள் கையில் கொடுத்து, "நீங்களும் ஒரு தரம் செய்யுங்க, பாக்கறேன்" என்றார். சிந்தாமணி குலுக்கினாள். பிள்ளையை அடிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு குலுக்கினாள். பஸ்ஸில் வரும்போது என் வாயில் ஒரு வார்த்தை இருந்தது. கும்பிட்டுக் கும்பிட்டே என் கண்ணைக் கெடுத்துவிட்டாயே என்று. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள், எங்கள் வீட்டில் நமஸ்காரம் செய்துதான் கண் கெட்டிருக்கிறது, அதையும் சேர்த்துச் சொல்லலாம் என்று அடுக்கி வைத்திருந்தேன். சேலத்திலிருந்து சங்ககிரி வரைக்கும் நாக்கு நுனியிலேயே இருந்தது, விழவில்லை. அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, மடியில் இருந்த மருந்துப் பையை நிமிர்த்தி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தாள், பஸ் குலுங்கினால் மருந்து குலுங்கிவிடுமே என்கிற பழைய பழக்கம், பிறகு குலுங்கினால்தான் நல்லது என்று ஞாபகம் வந்து கையைத் தளர்த்துவாள், மறுபடியும் பிடிப்பாள். அதைப் பார்த்தேன். ஒருத்தி என் கண்ணுக்குள் இருக்கிற பேர் தெரியாத ஆளை அவ்வளவு பெரிதாக மதித்திருக்கிறாள். நான்கூடக் கண்ணாடி என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன், அவளுக்கு அது கண்ணாடி இல்லை. இதற்கு என்னவென்று கோபித்துக்கொள்வது? "காப்பி குடிக்கறயா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

மறுநாள் அவள் விட்டது எதுவும் கண்ணில் விழவில்லை. சொட்டு நெற்றியில் விழுந்தது, கன்னத்தில் விழுந்தது, காதுக்குள் ஒன்று. "எனக்கு வேண்டாமுங்க. ராசாத்திய விடச் சொல்லுங்க, அவ படிச்ச புள்ள" என்றாள். "காதுக்கும் மருந்து வேண்டியதுதான், வயசாயிருச்சில்ல" என்றேன். சிரிக்கவில்லை. "எங் கையில கெட்டது, எங் கையிலயே போயிருமோன்னு இருக்குது" என்றாள். வேற யாரு கையும் வேண்டாம் என்றேன், நான் சொன்னதில் அது ஒன்றுதான் சரியாக வந்தது. பாட்டில் இப்போது சாமி அலமாரியில் இல்லை, மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் இருக்கிறது. அலமாரியில் அது நின்ற இடம் திருநீற்றுத் தூசிக்கு நடுவே வட்டமாகத் தெரிகிறது, அந்த இடத்தில் அவள் இன்னும் எதையும் வைக்கவில்லை. அவள் ஒன்று கேட்கமாட்டேன் என்கிறாள், நானும் சொல்லமாட்டேன் என்கிறேன். தெரிகிறதா என்பதுதான் அது. இத்தனை நாளாகக் குலுக்கி விட்ட மருந்து வேலை செய்கிறதா, பனி விலகுகிறதா என்று பார்க்க ஒரு நொடி போதும், நல்ல கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு இதை மட்டும் திறந்தால் தெரிந்துவிடும். நான் திறக்கவில்லை. ரெண்டு கண்ணாலும் சேர்த்தே பார்த்துக்கொண்டிருக்கிறேன், நல்ல கண் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறது, அதன் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறேன். களிம்பு போட்ட பிறகு எப்படியும் ஒன்றும் தெரியாது, தெரியாததற்குக் களிம்பைச் சொல்லிக்கொள்ளலாம். பார்க்க வேண்டுமென்றால் களிம்புக்கு முன்னால், இந்த ஐந்து நிமிஷத்தில்தான். ஒரு கண்ணை வைத்துக்கொண்டு லாரி ஓட்ட விடமாட்டார்கள். வண்டி வீட்டுக்குப் பின்னால் நிற்கிறது, டயர் ஓரத்தில் புல் முளைத்துவிட்டது, விற்றுவிடலாம் மாமா என்று மருமகன் சொல்கிறான். அது போனால் போகட்டும். என் பயம் அது இல்லை. செத்த வீட்டில் மூக்கைத் துடைத்துக்கொண்டு போன் செய்தாரே அந்த ஆள், அவர் கொடுத்தது என்னிடம் வந்து வீணாய்ப் போயிற்று என்றால் நான் அதை எங்கே போய்ச் சொல்லுவேன், யாரிடம் சொல்லுவேன், முகவரிகூடக் கிடையாது. அதைவிட, இது போய்விட்டால் சிந்தாமணி இனி எந்தச் சாமி முன்னாலும் கைகூப்ப மாட்டாள். அது எனக்குத் தெரியும். அந்த வீட்டில் நான் எப்படி இருப்பேன்?

சேவல் இன்னும் கூவவில்லை. பாதி நேரத்துக்கு மேல் போயிருக்கும். விரலை எடுத்தேன். இடது உள்ளங்கையைக் குவித்து நல்ல கண்ணை மூடினேன். இந்தக் கையைக் கொண்டு எத்தனை ஊரில் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியிருக்கிறேன். வலது இமை தூக்க வரவில்லை, யாரோ உள்ளேயிருந்து பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. திற என்றேன் எனக்குள். வெள்ளை. வெறும் வெள்ளை. போச்சு, என்றது மனசு. மருந்தின் பால் அது என்று தோன்றக் கொஞ்ச நேரம் ஆனது, மெதுவாக இமைத்தேன், ஓரமாக ஒரு சொட்டு வழிந்து கன்னத்தில் இறங்கியது. வெள்ளைக்கு நடுவே ஒரு வெளிச்சம் சதுரமாக நின்றது, ஜன்னல். சதுரத்துக்குள் கோடு, ஒரு கோடு, அதற்குப் பக்கத்தில் இன்னொரு கோடு. கம்பிகள். போன வாரம் கம்பிகள் இல்லை, சத்தியமாக இல்லை, போன வாரம் ஜன்னலே ஒரு வெளுத்த துணியாகத்தான் இருந்தது. நெஞ்சு அடித்துக்கொண்ட அடியில் நாற்காலியே ஆடியிருக்கும். ஐயா, அம்மா, நீங்கள் யாரோ, உங்கள் கண்ணாடி இருக்கிறது, இன்னும் இருக்கிறது, காற்றைக் குடித்துக்கொண்டு இங்கேதான் இருக்கிறது. கம்பிக்கு இந்தப் பக்கம் பச்சையாக ஒன்று, அவளுடைய சேலை. அதற்கு மேலே முகம் இருக்க வேண்டும், முகம் இருந்தது, பொட்டு ஒரு மங்கின புள்ளி. கண் இருக்கிற இடத்தில் கண் தெரியவில்லை. பயம் திரும்பி வந்தது, சின்னது தெரியாது போலிருக்கிறது, பெரிய உருவம் மட்டும்தானோ என்று. இன்னொரு தரம் இமைத்தேன். பால் இன்னும் கொஞ்சம் விலகியது. அப்போதுதான் தெரிந்தது, கண் தெரியாமல் இல்லை, அவள் மூடியிருக்கிறாள். தூங்கவில்லை, தூங்குகிறவள் இப்படி முதுகை நிமிர்த்தி உட்காரமாட்டாள். என்னை மாதிரியே, எனக்கு எதிரே, தூக்கம் வந்தாப்பல ரெண்டு கண்ணையும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வலது கை முகத்துக்குப் போயிருந்தது. ஒரு விரல் மூக்கோரம் கண் சேருகிற இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தது, மருந்தே விடாத கண்ணில். இன்றைக்கு மட்டுமா, ஒவ்வொரு தரமுமா? நான் தனியாக இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் இவள் இங்கே வந்து கூட உட்கார்ந்திருக்கிறாள், இந்தக் கண்ணை இப்போது திறக்காமல் இருந்திருந்தால் நான் செத்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. தொண்டையில் கசந்தது, விரலை எடுத்துவிட்டேன் அல்லவா, மருந்து இறங்கிவிட்டது, இல்லை, அது மருந்து மட்டும் இல்லை. போனில் சேவல் கூவியது. அவள் அசையாமல், கண்ணைத் திறக்காமலே, "இப்பக் கண்ணைத் தொறங்க" என்றாள்.

"நீ மொதல்ல கைய எடுத்துட்டுக் கண்ணைத் தொற, சிந்தாமணி" என்றேன். அவள் விரல் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.